மைதானத்துக்குக் கொண்டு செல்லும் மின்சாரம்

வானொலி அலைகளால் ஆளப்படும் மாதிரி விமானம் ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டுக் கரணம் போடுவதைக் காண்போர், அதனைச் செலுத்துபவரின் கையிலுள்ள சிறு பெட்டியையே வியந்து நோக்குவர். அவருடைய காலடியிற் கிடக்கும் எண்ணெய்க் கறை படிந்த மரப்பெட்டியை நோக்குவார் மிகச் சிலரே. ஆயினும், விமானம் தரையை விட்டு எழுவதும், எழுந்த விமானம் முழுதாகத் திரும்பி வருவதும் பெரும்பாலும் அந்த மரப்பெட்டியில் உள்ளவற்றையே பொறுத்தனவாம். எஞ்சினை எழுப்பும் மின்சாரமும், எரிபொருளை ஏற்றும் பம்பும், பற்றரிகளுக்கு மின்னேற்றும் கருவியும் அதனுள்ளேதான் அடங்கியிருக்கின்றன. மாதிரி விமானம் பறக்கவிடும் இடம் வீடுகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அப்பாற்பட்ட திறந்த வெளியாக இருத்தல் வேண்டும். ஆகவே அங்கே சுவரிற் செருகி மின்சாரம் பெற வழியில்லை. வேண்டியது முழுவதையும் கட்டுச்சோறு போலக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். அக்கட்டுச்சோற்றை எவ்வாறு தெரிந்து கட்டுவது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

அமெரிக்காவில் வால்ற்றர் குட், வில்லியம் குட் என்னும் இரட்டைச் சகோதரர் 1937ஆம் ஆண்டில் 'கஃப்' என்று பெயரிட்ட மாதிரி விமானத்தை வானொலியாற் செலுத்திக் காட்டினர். அக்காலத்து மாதிரி எஞ்சின்கள் மோட்டார் வண்டியின் எஞ்சினைப் போலத் தீப்பொறியினால் இயங்கியவை. பொறியை உண்டாக்கும் சுருளையும் மின்கலங்களையும் விமானமே தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. 1947இல் றே ஆர்டன் என்ற அமெரிக்கர் 'குளோ பிளக்' என்னும் சிறு சாதனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் விமானம் சுமந்த அந்தப் பாரம் விமானத்தை விட்டு இறங்கி, அதனைச் செலுத்துபவரின் தோளுக்கு மாறியது. மைதானத்து மரப்பெட்டி அன்றுதொட்டுத்தான் முக்கியத்துவம் பெற்றது எனலாம்.

குளோ பிளக் செய்யும் வேலை விந்தையானது. உருளையின் தலையில் திருகப்பட்ட அதனுள்ளே, பிளாற்றினக் கலப்புலோகத்தாலான மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கின்றது. தொடக்கத்தில் வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தி அச்சுருளைச் செந்தணலாக்கிக் கொள்கின்றோம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மின்தொடுப்பைக் கழற்றிவிடலாம், சுருள் அணைவதில்லை. முசலம் கலவையை அமுக்குவதால் எழும் வெப்பமும், வெடிப்பின் வெப்பமும், மெதனோல் ஆவி பிளாற்றினத்தின் மேற்பரப்பிற் பட்டவுடன் நிகழும் இரசாயன மாற்றமும் சேர்ந்து அதனைக் கனலவைத்துக் கொண்டேயிருக்கும். சூடேறிய பிளாற்றினக் கம்பி எரியத்தகு வாயுவினிடையே தானாகவே தொடர்ந்து கனலும் என்பதை 1817இல் அம்பிரி டேவி கண்டறிந்தார். சுரங்கத் தொழிலாளரின் விளக்கை ஆராய்ந்த அறிஞரின் கண்டுபிடிப்பு, 130 ஆண்டுகள் கழிந்து மாதிரி விமானக்காரரின் கைக்கு வந்து சேர்ந்தது.

இனிக் கணக்கிற்கு வருவோம். சாதாரணமான குளோ பிளக் 1.5 வோல்ற்று அழுத்தத்தில் ஏறத்தாழ 3 அம்பியர் மின்னோட்டத்தை உட்கொள்ளும். ஓமின் விதிப்படி பார்த்தால், கனன்றுகொண்டிருக்கும் சுருளின் தடை அரை ஓம் மாத்திரமே. இச்சிறு எண்ணை நேயர்கள் மனத்திற் பதித்துக்கொள்ளுதல் நன்று. மைதானத்தில் நேரும் தொல்லைகளுட் பாதி இதனாலேயே விளங்கிவிடும். பற்றரியையும் பிளக்கையும் இணைக்கும் கம்பி மெல்லியதாகவும் நீண்டதாகவும் இருந்து, அதனோடு பிடிக்கொக்கியில் துருவும் படிந்து, இவையிரண்டும் சேர்ந்து 0.1 ஓம் தடையைக் கூட்டிவிட்டன என்று வைத்துக்கொள்வோம். வேறெந்தத் தொடுப்பிலும் அத்தடையை ஒருவரும் பொருட்படுத்தமாட்டார். இங்கோ மின்னோட்டம் 3 அம்பியரிலிருந்து 2.5 அம்பியராகக் குறைகின்றது. பிளக்கிற் பிறக்கும் வெப்பம் 4.5 உவாற்றிலிருந்து 3 உவாற்றுச் சொச்சமாக வீழ்ந்துவிடுகின்றது. வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விட்டது! அரை மணி நேரம் விசிறியைச் சுழற்றிக் கை ஓய்ந்தவர் எஞ்சினைச் சபிப்பார், குற்றமோ கம்பியினுடையது. ஆகவே பிளக்குக்குச் செல்லும் கம்பி தடித்ததாகவும் குறுகியதாகவும் இருத்தல் வேண்டும்.

அழுத்தம் மிகுந்தாலும் தீங்குதான். வீட்டு வானொலிப் பெட்டிகள் பற்றரியில் இயங்கிய நாட்களில், 2 வோல்ற்று ஈய-அமிலக் கலத்தைக் கடைக்கு எடுத்துச் சென்று மின்னேற்றி வருவது வழக்கமாயிருந்தது. அத்தகைய கலத்தை நேராகப் பிளக்கிற் பொருத்தினால், அதே தடைக்கு 4 அம்பியரும் 8 உவாற்றும் பாய்ந்து சுருள் எரிந்துபோகவுங்கூடும். பழைய மாதிரி விமானக்காரர் இதற்கொரு எளிய பரிகாரம் கண்டனர்: இணைப்புக் கம்பியை வேண்டுமென்றே நீளமாக்கி, மிகுதியான அரை வோல்ற்றை அக்கம்பியிலேயே செலவிட்டனர். முன்பத்தியிற் பழித்த கம்பித் தடை இங்கே காவலனாயிற்று. இக்காலத்தில் அத்துணைச் சிரமம் வேண்டியதில்லை. 1.2 வோல்ற்று நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலம் ஒன்றைக் குழாயுட் பொதிந்து, பிளக்கைக் கவ்விக்கொள்ளும் முனையுடன் கையடக்கமாக விற்கின்றனர். அதன் அழுத்தம் சற்றுக் குறைவாயினும், இடையே நீண்ட கம்பி இல்லாமையாலும், பெரிய மின்னோட்டத்தை அழுத்தம் தாழாமல் வழங்க அக்கலம் வல்லதாகையாலும் பிளக் நன்கு கனல்கின்றது. மற்றொரு வழி 12 வோல்ற்றுப் பற்றரியிலிருந்து எல்லாத் தேவைகளுக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் மின்பலகை. ஸ்ராட்டருக்கு 12 வோல்ற்று, எரிபொருட் பம்புக்கு 6 வோல்ற்று, குளோ பிளக்குக்குக் குமிழைத் திருகிக் கூட்டவுங் குறைக்கவுங் கூடிய மின்னோட்டம் என அது பங்கிடும்.

இவ்விரண்டில் எதை வாங்கினாலும், அம்பியர்மானி இல்லாததை வாங்கவேண்டாம் என்பதே என் துணிபு. வைத்தியனுக்கு நாடி எதுவோ, எஞ்சினை எழுப்புவோனுக்கு அந்த மானியின் முள் அதுவாகும். தொடுப்பைப் பொருத்தியும் முள் அசையவில்லையாயின், சுருள் அறுந்துவிட்டது, அல்லது தொடுப்பு விட்டிருக்கின்றது. முள் வழக்கமான இடத்தில் நின்றால் பிளக்கைப்பற்றிக் கவலை வேண்டாம். குற்றத்தை எரிபொருளிலோ காபுரேற்றரிலோ தேடலாம். வழக்கத்துக்கு மேலே ஏறி நின்றால், உருளையுள் எரிபொருள் மிகுந்து சுருளை நனைத்திருக்கின்றது என்பது பொருள். குளிர்ந்த உலோகத்தின் தடை சூடான உலோகத்தின் தடையிலும் குறைவு. எனவே நனைந்து குளிர்ந்த சுருள் அதிக மின்னோட்டத்தை இழுக்கின்றது. அதனை அறியாது விசிறியை மேலும் மேலும் சுழற்றுவோர் உருளையுள் எரிபொருளை இன்னும் நிறைத்தவராவர். இவ்வளவையும் சொல்லித்தரும் முள்ளின் விலை, மற்றை அலங்காரங்களின் விலையோடு ஒப்பிடின் மிக அற்பமே.

ஸ்ராட்டர் மோட்டார் வேண்டுமா, வேண்டாமா என்பது எஞ்சினைப் பொறுத்தது. 6.5 கன சென்ரிமீற்றர் அளவான எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் ஓரிரு தட்டிலேயே எழும். தட்டுவதற்கு விரலைப் பயன்படுத்துதல் ஆகாது. அதற்கெனத் தடித்த இறப்பர் பூட்டிய கோல் உண்டு. ஆங்கிலம் பேசும் அன்பர் அதனைக் கோழைகளின் கோல் என்ற கருத்துப்படக் கேலியாக அழைப்பர். பத்து விரலும் உடைய கோழையாயிருப்பதில் இழுக்கொன்றுமில்லை. 11 அங்குல விசிறி நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும்போது அதன் நுனி நொடிக்கு 140 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்திற் செல்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்கோலின் அருமை புலனாகும். 10 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட குளோ எஞ்சின்களுக்கு ஸ்ராட்டர் வசதியானது. முன்விசிறி இல்லாத மாதிரி ஹெலிகொப்ரருக்கோ அது இன்றியமையாதது. ஈதரும் மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் கலந்து, அமுக்கத்தின் வெப்பத்தாலேயே எரியும் மாதிரி டீசல் எஞ்சினுக்குப் பிளக்கே இல்லை. அதன் அமுக்கம் மிகக் கடுமையானதாகையால் அதனை ஸ்ராட்டரால் எழுப்பாமல் கையால் எழுப்புவதே முறை. பெற்றோலில் இயங்கும் 20 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எஞ்சின்கள் மீண்டும் தீப்பொறிக்குத் திரும்பிவிட்டன. அவற்றின் பொறிக்குரிய பற்றரி விமானத்திலேயே இருக்கின்றது. இவற்றையெல்லாம் ஆராயாது முதலிலேயே ஸ்ராட்டரை வாங்கிவிடுவோர் பலர்.

ஸ்ராட்டரின் வலிமையே அதன் ஆபத்துமாகும். முசலத்தின் மேலே திரவ எரிபொருள் தேங்கியிருக்கையில் விசையோடு சுழற்றினால், திரவம் அமுங்காது. இணைப்புத் தண்டு வளைந்துவிடும். ஆகவே பிளக்குக்கு மின்சாரம் கொடுக்குமுன் விசிறியைக் கையால் இருமுறை மெதுவாகச் சுழற்றிப் பார்த்துத் தடையில்லை என்று தெளிந்த பின்பே ஸ்ராட்டரை வைத்தல் வேண்டும். வைத்த பிறகுதான் ஆளியை அழுத்தவேண்டும். விமானத்தின் முன்னே நின்று பார்ப்பவருக்கு அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிற் சுழலவேண்டும். கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டால் திசையும் மாறிவிடும். எஞ்சின் எழுந்தபின் பிளக்கின் தொடுப்பை விசிறிக்குப் பின்னால் நின்றே கழற்றவேண்டும். சுழலும் விசிறிக்கு மேலாகக் கையை நீட்டுவது ஒருபோதும் கூடாது.

பெட்டியில் வைக்கவேண்டிய பற்றரி எத்துணைப் பெரியதாயிருத்தல் வேண்டும்? இங்கேதான் பலரும் மயங்குகின்றனர். ஸ்ராட்டர் 30 அம்பியரை இழுக்கின்றது என்று கேட்டவுடன் மோட்டார் வண்டியின் பற்றரியே வேண்டும் என்று நினைக்கின்றனர். ஆனால் அந்த 30 அம்பியரும் ஏறத்தாழ 3 நொடிக்குத்தான். கணக்கிட்டால் ஒரு தடவைக்கு 0.025 அம்பியர்-மணி, 20 தடவைக்கும் அரை அம்பியர்-மணி. பிளக்கோ 3 அம்பியரைத் தடவைக்கு அரை நிமிடம் உண்டாலும், 20 தடவைக்கு மற்றுமோர் அரை அம்பியர்-மணிதான். ஆகவே காவலர் மணிகளிலும் அவசர விளக்குகளிலும் பயன்படும் 12 வோல்ற்று, 7 அம்பியர்-மணி மூடிய ஈய-அமிலப் பற்றரி ஒரு நாள் முழுவதும் எஞ்சினை எழுப்பிக் களைக்காது. எஞ்சினை எழுப்புதல் குறுகிய நேரத்துக்குப் பெருவேகத்துடன் மின்சாரத்தை வேண்டும் வேலை. அதற்குச் சேமிப்புப் பெரிதாய் இருக்கவேண்டியதில்லை.

மின்னேற்றமோ இதற்கு நேர்மாறானது. இப்பொழுது எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டாரைப் பூட்டிப் பறப்போர் மிகப் பலர். அவர்கள் பயன்படுத்தும் மூன்று கலங்கொண்ட 2200 மில்லியம்பியர்-மணி இலிதியம்-பொலிமர்ப் பற்றரி ஒன்றில் 24 உவாற்று-மணி சக்தி அடங்கும். மேற்சொன்ன 7 அம்பியர்-மணிப் பற்றரியில் உள்ளது 84 உவாற்று-மணி. ஈய-அமிலப் பற்றரியைப் பாதிக்கு மேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குன்றும். ஆகவே கைக்கொள்ளத் தக்கது 42. மின்னேற்றியில் விரயமாவது போக எஞ்சுவது சுமார் 36. ஒன்றரைப் பற்றரிக்குமேல் அது மின்னேற்றாது! எஞ்சினை 20 தடவை எழுப்பியும் அலுக்காத பற்றரி, இரண்டாவது மின்விமானம் பறக்குமுன் படுத்துவிடுகின்றது. ஆகையால் மைதானத்தில் மின்னேற்ற விரும்புவோர் 100 அம்பியர்-மணி அளவான, ஆழ்ந்து வெறுமையாகத் தக்க தனிப்பற்றரி ஒன்றை வைத்துக்கொள்ளல் வேண்டும். அல்லது வேண்டிய எண்ணிக்கையை வீட்டிலேயே மின்னேற்றிக் கொண்டுவருதல் வேண்டும். வந்த வாகனத்தின் பற்றரியிலேயே தொடுத்து மாலைவரை உறிஞ்சுவோரும் உளர். வீடு திரும்பும் வேளையில் விமானத்தை மறந்து வாகனத்தைத் தள்ளவேண்டி வரும் என்பதைத் தவிர அதில் வேறு குறையில்லை.

இதுவரை பேசியவை யாவும் வசதியைப் பற்றியவை. எஞ்சின் எழாவிட்டால் நட்டம் ஒரு மாலைப்பொழுது. வானில் எஞ்சின் நின்றாலும் கைதேர்ந்தவர் மிதக்கவிட்டு இறக்கிவிடுவர். விமானத்தினுள்ளே இருக்கும் வாங்கியின் பற்றரி நின்றுவிட்டாலோ செய்யத்தக்கது யாதொன்றுமில்லை. மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் வரும் 2.5 கிலோகிராம் விமானத்தின் தாக்கம், அதே நிறையுள்ள கல் 25 மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். கீழே யார் நிற்கின்றார் என்பதை அந்தக் கல் கேட்டு விழுவதில்லை. மேலும், 2.4 கிகா ஹேட்ஸ் அலைவரிசையில் இயங்கும் வாங்கிகளுட் சில, அழுத்தம் ஒரு கணம் மிகத் தாழ்ந்தாலே வேலையை நிறுத்தி மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். சுக்கானை அசைக்கும் சேர்வோக்கள் எல்லாம் ஒருங்கே இழுக்கும் கணத்தில், சோர்ந்த பற்றரியின் அழுத்தம் இவ்வாறு தாழ்வது இயல்பு. ஆகவே மரப்பெட்டிக்கென ஒதுக்கிய பணத்தில் முதற்பங்கு இப்பற்றரிக்கும் அதன் மின்னேற்றிக்கும் அதனைச் சோதிக்கும் வோல்ற்றுமானிக்குமே உரியது. ஸ்ராட்டருக்குரியது கடைசிப் பங்கு. பளபளக்கும் ஸ்ராட்டரோடு, விமானத்தில் ஐந்தாண்டுப் பழமையான பற்றரியையும் வைத்திருப்போரைக் காணும்போது, வாயிலுக்குப் பொன்முலாம் பூசிக் கூரையை ஓட்டையாக விட்ட வீடுதான் நினைவுக்கு வருகின்றது.

அந்த வோல்ற்றுமானியும் சாதாரணமானதாயிருத்தல் போதாது. வேலையின்றிச் சும்மாவிருக்கும் பற்றரி தன் அழுத்தத்தை உயர்த்திக் காட்டும். அரை அம்பியரேனும் இழுக்கச் செய்து, அதே வேளையில் அளக்கும் மானியே உண்மையைச் சொல்லும். நான்கு நிக்கற் கலங்களைக் கொண்ட பற்றரி அச்சுமையின் கீழ் 4.8 வோல்ற்றுக்குக் கீழே இறங்குமாயின், அன்றைய பறப்பு அத்துடன் முடிந்தது எனக் கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு பறப்புக்குப் பின்னும் இச்சோதனை அரை நிமிட வேலையே. ஆண்டில் ஓரிரு முறை முழுதாக மின்னேற்றி, முழுதாக இறக்கி, எத்தனை மில்லியம்பியர்-மணி வெளிவந்தது என்று பார்த்தல் வேண்டும். பெயர்ச்சீட்டிற் கண்ட அளவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறைந்தால், அப்பற்றரியை விமானத்திலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பிவிடலாம்.

மின்னேற்றியைத் தெரியும்போது முதலிற் கேட்கவேண்டியது, அது எவ்வகைக் கலங்களை அறியும் என்பதே. நிக்கற் கலங்களை மெதுவாக மின்னேற்றுதல் ஒரு வழி. 2000 மில்லியம்பியர்-மணிப் பற்றரிக்கு 200 மில்லியம்பியர் வீதம் 14 முதல் 16 மணி நேரம், அதாவது ஓர் இரவு. விரைவான வழியில், கலம் நிறைந்ததும் அழுத்தம் உச்சத்தை அடைந்து சற்றே தாழ்வதைக் கண்டு மின்னேற்றி தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் தொடுப்பு ஆடினாலும் கலம் பழுதாயினும் பொய்யுச்சம் தோன்றி, பாதி நிறைந்த பற்றரி முழுதும் நிறைந்ததுபோலக் காட்டப்படலாம். எனவேதான் வாங்கியின் பற்றரியை முந்திய இரவு வீட்டில் மெதுவாக நிறைப்பதையே நான் விரும்புவேன். நிக்கல்-உலோக ஐதரைட்டுக் கலங்கள் சும்மா வைத்திருந்தாலும் வாரக்கணக்கில் மின்னை இழப்பன. இவ்விழப்பு மிகக் குறைந்த கலங்கள் 2005ஆம் ஆண்டிலிருந்து கிடைக்கின்றன. வாங்கிக்கு அவையே தகும்.

இலிதியக் கலங்களின் ஒழுக்கம் முற்றிலும் வேறு. இலிதியம்-பொலிமர்க் கலம் ஒன்றை 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏற்றலாகாது. இலிதியம்-இரும்புப் பொசுபேற்றுக் கலத்துக்கு எல்லை ஏறத்தாழ 3.6 வோல்ற்று. மின்னேற்றியில் ஒன்றுக்குப் பதில் மற்றதைத் தெரிந்து அழுத்திவிட்டால் கலம் பாழாகும். மிகையேற்றப்பட்ட பொலிமர்க் கலம் வீங்கித் தீப்பற்றுவதும் உண்டு. ஆகவே கலங்களைத் தனித்தனியே சமன்செய்யும் வசதியும், கலவகையையும் எண்ணிக்கையையும் திரையிற் காட்டி உறுதி கேட்கும் வழக்கமும் உடைய மின்னேற்றியே வேண்டும். மைதானத்துக்கானதாயின் 12 வோல்ற்றிலும் இயங்கவேண்டும். தாய்ப்பற்றரி மிகத் தாழ்ந்தால் தானே நின்றுவிடவும் வேண்டும். இலிதியம்-பொலிமர்ப் பற்றரியை விமானத்துள் வைத்தபடியோ, ஆளில்லாத இடத்திலோ மின்னேற்றவேண்டாம். கண்ணாடிகளை ஏற்றிய வாகனத்தினுள் நண்பகல் வெயிலில் விட்டுவைப்பதும் தகாது.

இவற்றைப் பெட்டியில் அடுக்கும்போது பற்றரிக்கும் எரிபொருட் கலத்துக்கும் இடையே தடுப்புப் பலகை இருக்கட்டும். மெதனோலின் சுவாலை பகல் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கண்ணுக்குத் தெரியாது. பற்றியிருக்கின்றது என்பதைக் கை சுட்ட பின்பே பலர் அறிவர். பற்றரியின் நேர்முனைக் கம்பியிற் பொருத்தமான உருகி ஒன்றைப் பூட்டினால், ஸ்பானர் தவறி இரு முனைகளுக்கும் குறுக்கே விழும் நாளில் அது பயன் தரும். மாலையில் வீடு சேர்ந்ததும் முதல் வேலை அந்த ஈய-அமிலப் பற்றரியை மின்னேற்றத்தில் இடுவது. இலிதியக் கலத்தை அரைகுறையாக வைத்திருப்பது அதற்கு நன்மை. ஈயக் கலத்தை வெறுமையாக வைத்திருந்தாலோ அதன் தகடுகளில் வெண்ணிறச் சல்பேற்றுப் படிந்து, அடுத்த ஞாயிறன்று ஸ்ராட்டர் ஒருமுறை முனகிவிட்டு நின்றுவிடும்.